ட்ரெய்லர் விளக்கு எரியவில்லையா? வயரிங், பிளக் பழுதைத் தேடிப் பிடிக்கும் முறை

ட்ரெய்லரைக் கோத்தாயிற்று, பிளக்கைச் செருகியாயிற்று. இண்டிகேட்டரைப் போட்டால் ஒரு பக்கம் எரிகிறது, மறுபக்கம் இருட்டாக இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவரின் கை நேராகப் பல்புக்குப் போகும். பல்பை மாற்றுவார், எரியாது. பியூஸைக் கழற்றிப் பார்ப்பார், நன்றாகத்தான் இருக்கும். அடுத்தது கட்டிங் பிளேயர். எங்கோ ஒரு வயரை வெட்டி, உரித்து, முறுக்கி, டேப் சுற்றிவிடுவார். பழைய பழுது அப்படியே இருக்கும். புதிதாக ஒரு பலவீனமான இணைப்பும் சேர்ந்திருக்கும்.

இந்த வேலையில் கைத்திறனைவிட வரிசைதான் முக்கியம். பழுது டிரக்கில் இருக்கலாம், நடுவிலுள்ள கேபிளில் இருக்கலாம், ட்ரெய்லரில் இருக்கலாம். எந்த இடம் என்று உறுதியாகும்வரை ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். இடம் தெரிந்ததும் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியை. இந்த இரண்டும் பழகிவிட்டால் பெரும்பாலான பழுதுகளை ஒரு சாதாரண டெஸ்ட் லாம்ப்பை (ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் உள்ள சிறு சோதனை விளக்கு) வைத்தே பிடித்துவிடலாம்.

பிரேக் லைட் எரியாத ட்ரெய்லருக்குப் பின்னால் வருகிறவருக்கு, முன்னால் போகும் வண்டி நிற்கப்போகிறது என்று வேறு எதுவும் சொல்லாது. அதனால், ‘போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பிவிடாதீர்கள்.

தொடங்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ட்ரெய்லருக்கும் டிரக்குக்கும் நடுவில் நின்று வேலை செய்யப் போகிறீர்கள். வண்டி ஓர் அடி நகர்ந்தாலும் ஆபத்து. உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கவும் சுவிட்சுகளைப் போடவும் ஒருவர் இருந்தால் வேலை பாதியாகும். அவரிடம் சாவியைக் கொடுக்கும்போதே, நீங்கள் சொல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

வயரை வெட்டவோ இணைக்கவோ வேண்டிய கட்டம் வந்தால் பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சோதனைக்கு மட்டும் கரண்ட் இருந்தால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை: வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற பல்பு போட்ட டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர், சில மீட்டர் நீளமுள்ள தடித்த வயர் ஒன்று (இரு முனையிலும் கிளிப்), காண்டாக்ட் கிளீனர், மெல்லிய கம்பித் தூரிகை, உப்புத்தாள், சரியான அளவு பல்புகளும் பியூஸ்களும். டெஸ்ட் லாம்ப்பில் எல்.இ.டி. வேண்டாம், இழை உள்ள பல்பே இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் பிளக் எந்த வகை?

முதலில் வோல்ட். உலகின் பெரும்பகுதியில் கனரக டிரக்குகள் 24 வோல்ட்டில் ஓடுகின்றன. வட அமெரிக்காவில் கனரக வண்டிகளும் 12 வோல்ட்தான். பிக்கப், சிறு வண்டிகள் எங்கும் 12 வோல்ட். 12 வோல்ட் பல்பு 24-இல் மாட்டியவுடன் போய்விடும். 24 வோல்ட் பல்பு 12-இல் எரியும், ஆனால் மங்கலாக. ‘எல்லாம் சரியாக இருக்கிறது, வெளிச்சம்தான் போதவில்லை’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். பல்பின் அடியில் பொறித்திருப்பதைப் படித்தாலே தெரிந்துவிடும்.

24 வோல்ட் டிரக்குகளில் பரவலாக இருப்பது ஐ.எஸ்.ஓ. 1185 தரத்தில் வரும் 7 முனைப் பிளக். 24என் என்றும் சொல்வார்கள். அதன் வரிசை இது:

1 – எர்த் (வெள்ளை)
2 – இடப்பக்க டெயில் லைட், சைடு லைட் (கறுப்பு)
3 – இடது இண்டிகேட்டர் (மஞ்சள்)
4 – பிரேக் லைட் (சிவப்பு)
5 – வலது இண்டிகேட்டர் (பச்சை)
6 – வலப்பக்க டெயில் லைட், சைடு லைட் (பழுப்பு)
7 – ட்ரெய்லர் பிரேக் கட்டுப்பாடு போன்ற கூடுதல் வேலை (நீலம்)

ரிவர்ஸ் லைட், பின்பக்க பனி விளக்கு போன்றவை இதில் வராது. 24எஸ் எனப்படும் இரண்டாவது பிளக் வழியாகவோ, இரண்டையும் ஒன்றாக்கிய 15 முனைப் பிளக் வழியாகவோ போகும். ரிவர்ஸ் லைட் மட்டும் எரியவில்லை என்றால், முதலில் அந்த இரண்டாவது கேபிள் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வட அமெரிக்கக் கனரக வண்டிகளின் எஸ்.ஏ.இ. ஜே560 பிளக்கும் ஏறத்தாழ இதே வரிசைதான். வேறுபடுவது மூன்று முனைகளில்: 2 கறுப்பு ட்ரெய்லரின் ஓரத்திலும் உச்சியிலும் இருக்கும் சிறு விளக்குகளுக்கு, 6 பழுப்பு டெயில் லைட்டுக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும், 7 நீலம் ஏ.பி.எஸ். (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மின்சாரத்துக்கு.

பிக்கப் வண்டிகளில் வரும் தட்டையான 4 முனைப் பிளக்கில் வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். இங்கே பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே வயர், ஒரே இழை. பிரேக்கும் இண்டிகேட்டரும் தனித்தனி வயரில் வரும் வண்டியை இப்படிப்பட்ட ட்ரெய்லரோடு இணைக்க நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அது இல்லாமல் நேராக வயரை முறுக்கினால் எந்தச் சோதனையும் புரியாத விளைவையே தரும்.

நிறத்தை நம்புவதில் ஒரு எச்சரிக்கை. பழைய ட்ரெய்லரில் பலர் கைவைத்திருப்பார்கள். கையில் அகப்பட்ட வயரைப் போட்டிருப்பார்கள். நம்ப வேண்டியது பிளக்கின் உள்ளே ஒவ்வொரு முனை அருகிலும் பொறித்திருக்கும் எண்ணை. இன்னொன்று: பிளக்கை முகப்பக்கம் பார்க்கும்போது இருக்கும் வரிசை, வயர் நுழையும் பின்பக்கம் பார்க்கும்போது இடவலமாக மாறிவிடும். படத்தைப் பார்த்து வயர் மாட்டும்போது, அந்தப் படம் எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தது என்பதை உறுதிசெய்யுங்கள். இடது இண்டிகேட்டருக்கு வலது எரியும் ட்ரெய்லர்களில் இந்தக் குழப்பம்தான் பெரும்பாலும் காரணம்.

படி 1: எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து எழுதுங்கள்

புகாராக வந்த ஒரு விளக்கை மட்டும் பார்க்காதீர்கள். டெயில், இடது, வலது, பிரேக் என ஒவ்வொன்றாகத் தனியே போடுங்கள். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்துப் போடுங்கள்: டெயில் எரியும்போது பிரேக், பிரேக் மிதித்தபடியே இண்டிகேட்டர். ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரைச் சுற்றி நடந்து, எது எரிகிறது, எது மங்கல், எது வேண்டாத நேரத்தில் எரிகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். பாதிப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.

ஒரே ஒரு விளக்கு, ஒரே ஒரு வேலைக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பு அல்லது ஹோல்டர். ஒரு பக்கத்து டெயில், சைடு விளக்குகள் எல்லாம் சேர்ந்து அணைந்தால் அந்தப் பக்கத்துக்கான பியூஸ், அல்லது பிளக்கில் அந்த ஒரு முனை. 24என் அமைப்பில் இடம், வலம் டெயில் வரிகள் தனித்தனியாக வருவதால் இது நன்றாகத் தெரியும். எதுவுமே எரியவில்லை என்றால் ஏழு வயரும் ஒரே நாளில் அறுந்திருக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவானது எர்த் ஒன்றுதான், அங்கே போங்கள். வண்டி திரும்பும்போதோ குழியில் இறங்கும்போதோ மட்டும் விளக்கு சிமிட்டினால் கேபிள் அல்லது பிளக் லூஸ். ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிவது, அல்லது பல விளக்குகளைச் சேர்த்துப் போடப் போட மங்குவது, எர்த் கெட்டுப்போனதற்கான தெளிவான அடையாளம்.

டேஷ்போர்டையும் கவனியுங்கள். பல டிரக்குகளில் ட்ரெய்லர் இண்டிகேட்டருக்கென்றே தனியாக ஒரு சிறு பச்சை விளக்கு சிமிட்டும். அது சிமிட்டவில்லை என்றால் ட்ரெய்லர் பல்பு மின்சாரம் இழுக்கவில்லை என்று பொருள்.

ஏர் பிரேக் வண்டிகளில் புதியவர்களைச் சுற்றவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பல வண்டிகளில் பிரேக் லைட் சுவிட்ச் காற்றழுத்தத்தில் இயங்குவது. டேங்கில் காற்று இல்லாமல் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிரேக் லைட் எரியாது. வெகுநேரம் நின்ற வண்டியில் ‘பிரேக் லைட் வேலை செய்யவில்லை’ என்று வயரைத் தேடப் போகுமுன் காற்றை ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

படி 2: பாதியாகப் பிரியுங்கள்

கேபிளைக் கழற்றிவிடுங்கள். டிரக்கின் பின்னாலுள்ள சாக்கெட் மட்டும் உங்கள் முன்னால் இருக்கிறது. டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பைச் சாக்கெட்டின் எர்த் முனையில் மாட்டுங்கள். சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) மாட்டாதீர்கள், இந்த ஒரு விஷயத்தைத் தவறவிட்டால் சோதனையே வீண். உள்ளே இருப்பவரை இடது, வலது, பிரேக், டெயில் என்று போடச் சொல்லி, அந்தந்த முனையைத் தொடுங்கள். ஒவ்வொன்றிலும் லாம்ப் முழு வெளிச்சத்தோடு எரிந்தால் டிரக்கின் சுவிட்ச், பியூஸ், வயர், எர்த் எல்லாம் ஒரே சோதனையில் தேறிவிட்டன. இனி டிரக் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

எரியவில்லை என்றால் கிளிப்பைச் சேசிஸில் சுத்தமான உலோகப் பகுதிக்கு மாற்றிப் பாருங்கள். இப்போது எரிந்தால், குறை சாக்கெட்டுக்கு வரும் எர்த் வயரில். சேசிஸிலேயே முதலில் மாட்டியிருந்தால், ‘டிரக் சரியாக இருக்கிறது’ என்று தப்பாக முடிவுகட்டி ட்ரெய்லரைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். இரண்டு வகையிலும் எரியவில்லை என்றால் அந்த வரியின் பியூஸ், ரிலே, சாக்கெட்டுக்குப் பின்னாலுள்ள வயர் என்று டிரக்கில் தேடுங்கள்.

டிரக் தேறினால் கேபிளின் ஒரு முனையை டிரக்கில் செருகி, மறுமுனையில் இதே சோதனையைச் செய்யுங்கள். ஒவ்வொரு முனையையும் தொட்டு லாம்ப் எரியும்போதே கேபிளை, முக்கியமாகப் பிளக்கிலிருந்து ஒரு சாண் தூரம்வரை, வளைத்து அசைத்துப் பாருங்கள். சுருள் கேபிள் நடுவில் அறுவது அபூர்வம். பிளக்குக்குள் நுழையும் கழுத்தில்தான் அறும். மேலுறை முழுசாகத் தெரியும், உள்ளே செம்பு இழைகள் ஒன்றொன்றாக அறுந்திருக்கும். அசைக்கும்போது லாம்ப் நடுங்கினால் கேபிளை மாற்றுங்கள். வேறு நல்ல கேபிள் கையில் இருந்தால் மாற்றிச் செருகிப் பார்ப்பது இன்னும் சுலபம்.

கேபிளும் தேறிவிட்டால் பழுது ட்ரெய்லரில். டிரக் இல்லாமலே ட்ரெய்லரைத் தனியாகவும் சோதிக்கலாம்: அதே வோல்ட் பேட்டரி ஒன்றின் நெகட்டிவை ட்ரெய்லரின் 1-ஆம் முனைக்குக் கொடுத்து, பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ் வைத்த வயர் வழியாக விளக்கு முனைகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். நீல முனையை மட்டும் விட்டுவிடுங்கள். ட்ரெய்லரிலும் பாதியாகப் பிரிப்பதே வழி. முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ வயர்கள் கூடிப் பிரியும் ஜங்ஷன் பாக்ஸ் இருக்கும். அதைத் திறந்து அங்கே கரண்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் பழுது அதற்குப் பின்னால், வராவிட்டால் முன்னால். மூடியைத் திறந்ததும் உள்ளே தண்ணீர் கோடு போட்டிருந்தால் மேற்கொண்டு தேடவே வேண்டியிருக்காது.

எர்த்: பழுது இருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்

பல்புக்குப் போகும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். போகும் வழிகள் பல. திரும்பும் வழி ஒன்று. ட்ரெய்லரில் எரியும் அத்தனை விளக்குகளின் மின்சாரமும் அந்த ஒரு வெள்ளை வயரிலும் அந்த ஒரு முனையிலும் சேர்ந்து வருகிறது. அதனால் தேய்மானமும் சூடும் அங்கேதான் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 24 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 0.9 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பிரேக் லைட், ஒரு இண்டிகேட்டர், 5 வாட்டில் 12 சிறு விளக்குகள் என்று வைத்தால் மொத்தம் 123 வாட், சுமார் 5 ஆம்பியர். எர்த் இணைப்பில் களிம்பு பிடித்து 1 ஓம் தடை மட்டும் வந்துவிட்டால், 4 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். இழை பல்பில் வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரே ஒரு சைடு விளக்கு மட்டும் எரியும்போது இந்தக் குறை தெரியாது. எல்லாம் எரியும் இரவில், பிரேக் மிதிக்கும் அந்த நேரத்தில் தெரியும்.

எர்த் முற்றிலும் அறுந்தால் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். டெயிலும் பிரேக்கும் ஒரே பல்பில் வரும் இரட்டை இழை பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இழைக்கும் எர்த் அந்தப் பல்பின் பித்தளை உடம்புதான். ஹோல்டரின் எர்த் துருப்பிடித்துவிட்டது என்று வையுங்கள். பிரேக் மிதிக்கிறீர்கள். 21 வாட் இழைக்கு வந்த மின்சாரம் உடம்பு வழியாக வெளியேற முடியாமல், பக்கத்திலுள்ள 5 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைகிறது. அங்கிருந்து டெயில் வரியில் ஏறி, மற்ற சைடு விளக்குகளுக்குப் போய், அவற்றின் நல்ல எர்த் வழியாக இறங்குகிறது. வெளியில் நின்று பார்ப்பவருக்கு, பிரேக் மிதித்தால் பிரேக் லைட் எரியாமல் சைடு விளக்குகள் மங்கலாக எரிவது தெரியும். ட்ரெய்லரின் முழு எர்த்தும் போயிருந்தால் இதே மின்சாரம் டெயில் வரி வழியாக டிரக்கின் சொந்த டெயில் லைட்டுக்கே திரும்பி வந்து, ட்ரெய்லர் இண்டிகேட்டரோடு சேர்ந்து அதுவும் துடிக்கும். இந்தக் காட்சியைக் கண்டால் வயர்கள் மாறிப் போயிருக்கின்றன என்று நினைத்து இடம் மாற்றிப் போடாதீர்கள். எர்த்தைச் சரிசெய்தால் எல்லாம் தானே ஒழுங்குக்கு வரும்.

ஏறத்தாழ இதே அறிகுறியைத் தரும் இன்னொரு பழுது உண்டு: இரட்டை இழை ஹோல்டரில் யாராவது ஒற்றை இழை பல்பை அழுத்தித் திணித்திருப்பார்கள். அதன் அடிமுனை இரண்டு தொடர்பையும் சேர்த்துவிட, பிரேக் மிதித்தால் டெயில் வரி முழுதும் எரியும். பல்பைக் கழற்றி அடியைப் பாருங்கள்.

எர்த்தைச் சோதிக்கும் சுருக்கமான வழி அந்த நீள வயர்தான். ஒரு கிளிப்பை டிரக் பேட்டரியின் நெகட்டிவிலோ டிரக் சேசிஸின் சுத்தமான உலோகத்திலோ மாட்டி, மறு கிளிப்பை எரியாத விளக்கின் எர்த் முனையில் வையுங்கள். விளக்கு உடனே பளிச்சென்று எரிந்தால் பழுது எர்த்தில்தான். பிறகு அந்தக் கிளிப்பை விளக்கிலிருந்து ட்ரெய்லர் சேசிஸுக்கும், அங்கிருந்து பிளக்கின் எர்த் முனைக்கும் நகர்த்தி வாருங்கள். எந்த இடத்தில் வைக்கும்போது விளக்கு அணைகிறதோ, அதற்கும் அதற்கு முன் வைத்த இடத்துக்கும் இடையில் குறை.

ட்ரெய்லரின் அடியிலுள்ள கிங்பின்னும், அதைக் கவ்விப் பிடிக்கும் டிரக்கின் பிப்த் வீல் தட்டும் இரும்பு, அதனால் எர்த் அவற்றின் வழியாகவே கிடைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும், சில நேரம். நடுவில் கிரீஸ் இருக்கிறது, வண்டி திரும்பும்போது தொடும் இடம் மாறுகிறது. அதை நம்பி வெள்ளை வயரைச் சரிசெய்யாமல் விடக் கூடாது.

எர்த் போல்ட்டைச் சரிசெய்யும்போது வெறுமனே முறுக்கிவிட்டு நகராதீர்கள். கழற்றி, லக்கின் (வயர் முனையிலுள்ள உலோக வளையத்தின்) இரு பக்கத்தையும், சேசிஸில் அது உட்காரும் வட்டத்தையும் பெயிண்ட், துரு போய் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். முறுக்கிய பின் மேலே கிரீஸோ பெயிண்ட்டோ பூசி மூடுங்கள். பூச்சு மேலே இருக்கட்டும், தொடும் இடத்துக்கு நடுவில் வேண்டாம்.

மல்டிமீட்டர் 24 காட்டுகிறது, விளக்கு எரியவில்லை

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. இருபது முப்பது இழைகள் உள்ள வயரில் பத்தொன்பதோ இருபத்தொன்பதோ அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 24 வோல்ட்டைக் காட்டும். பல்பை மாட்டினால் சரிந்துவிடலாம். அதனால்தான் இழை பல்பு உள்ள டெஸ்ட் லாம்ப் வேண்டும் என்று சொன்னேன். அது உண்மையான சுமையைக் கொடுத்துப் பார்க்கிறது. எல்.இ.டி. போட்ட டெஸ்டர் மீட்டரைப் போலவே ஏமாற்றும்.

மீட்டரைச் சரியாகப் பயன்படுத்த, விளக்கு எரியும் நிலையிலேயே அளக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி வைக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒன்று, இரண்டு என்று ஏறினால் அந்த வோல்ட் எர்த் வழியில் வீணாகிறது. இதேபோல் பாசிட்டிவ் பக்கமும், பியூஸின் வெளிமுனைக்கும் விளக்கின் முனைக்கும் இடையில் அளக்கலாம். கரண்ட் ஓடாதபோது அளந்தால் சுழியம்தான் காட்டும்; அதற்குப் பொருளில்லை.

வயரின் மேலுறையைக் குத்தி அளப்பதைத் தவிருங்கள். அந்த ஊசித்துளை வழியாக நீர் இறங்கி, இழைகளுக்கு நடுவே ஊறி, சில மாதங்களில் வயரை உள்ளுக்குள் அரித்துவிடும். வேறு வழியே இல்லாமல் குத்தினால் அந்த இடத்தைச் சீல் செய்யாமல் விடாதீர்கள்.

பிளக்கையும் சாக்கெட்டையும் கிட்டே வைத்துப் பாருங்கள்

சாக்கெட் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல முனை பித்தளை நிறத்தில் மினுங்கும். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. கறுத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி இளகியிருந்தால் அங்கே தொடர்பு லூஸாகிச் சூடேறியிருக்கிறது. அதைச் சுத்தம் செய்து பயனில்லை, சாக்கெட்டை மாற்றுங்கள். ஒரு முனை மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால், செருகும்போது அது பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. எதிர்முனை அதைத் தொடவே தொடாது. அடியில் மணலோ சேறோ உறைந்திருந்தால் பிளக் முழு ஆழம் உட்காராது.

களிம்பு லேசாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய தூரிகையால் முனையையும் எதிர்ப்பக்கக் குழலின் உட்புறத்தையும் தேயுங்கள். குழலை மறந்துவிடுவார்கள், பாதிக் களிம்பு அங்கேதான் இருக்கும். சில வகைகளில் முனை நடுவே பிளந்திருக்கும். அது ஒடுங்கிப்போயிருந்தால் மெல்லிய கத்திமுனையை நுழைத்துக் கொஞ்சமே கொஞ்சம் விரியுங்கள். அதிகம் விரித்தால் முறிந்துவிடும். காய்ந்த பிறகு மின்காப்பு சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது, உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் விலகிக்கொடுக்கும்; சுற்றி நீர் புகாமல் காக்கும். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைக்கும்.

மூடியின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மூடி பிளக்கின் மேலுள்ள புடைப்பை அழுத்திப் பிடித்தால்தான் ஓட்டத்தில் பிளக் பின்வாங்காது. ஸ்பிரிங் தளர்ந்த சாக்கெட்டில் எல்லாமே நின்ற இடத்தில் சரியாக எரியும், ஓடும்போது மட்டும் விட்டுவிட்டு எரியும். பிளக்கைத் திறந்து உள்திருகுகளையும் சோதியுங்கள். கேபிளின் மேலுறையைக் கவ்வும் கிளாம்ப் தளர்ந்திருந்தால், இழுவிசை முழுதும் அந்தச் சிறு திருகுகளின் மேல் விழும்.

பியூஸ் மறுபடி மறுபடி போகிறதா?

பெரிய பியூஸ் போடாதீர்கள். 10 ஆம்பியர் போகிற இடத்தில் 20 போட்டால் அடுத்ததாக எரியப் போவது வயர். சேசிஸ் ஓரத்தில் கட்டாக ஓடும் வயரில் தீப்பிடித்தால் அது ஒரு வயரோடு நிற்காது.

பியூஸ்களை வீணாக்காமல் ஷார்ட்டைத் தேட, பியூஸ் இருக்கும் இடத்தில் அதற்குப் பதிலாக வண்டியின் வோல்ட்டுக்கேற்ற 21 வாட் பல்பு ஒன்றை இணையுங்கள். அந்த வரியைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் எதுவும் கருகாது, ஏனென்றால் பல்பு விடும் அளவுக்குமேல் மின்சாரம் ஓட முடியாது. இப்போது ட்ரெய்லர் பிளக்கை உருவுங்கள். பல்பு மங்கினால் ஷார்ட் கேபிளிலோ ட்ரெய்லரிலோ. உருவியும் அப்படியே எரிந்தால் டிரக்கில். பிறகு, உருவிய பிளக்கை மறுபடி செருகிவிட்டு, அந்தப் பல்பைப் பார்த்தபடியே வயர்க்கட்டை இடம் இடமாக அசைத்து வாருங்கள். கிளிப் கடித்திருக்கும் இடம், சேசிஸ் துளைக்குள் நுழையும் விளிம்பு, ஆக்சிலுக்கு மேலே வயர் தொங்கி உரசும் இடம், மட்கார்டை ஒட்டிய வளைவு, இவற்றில் ஏதோ ஒன்றில் பல்பு சட்டென்று மங்கும். அங்கே மேலுறை தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டிருக்கும்.

புது டிரக்கும் எல்.இ.டி. விளக்கும்

சமீபத்திய டிரக்குகளில் பல விளக்கு வரிகளுக்குப் பியூஸே இருக்காது. கட்டுப்பாட்டு மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டி அவற்றுக்கு நேராக மின்சாரம் கொடுக்கும். ஷார்ட் கண்டால் மாட்யூல் அந்த வரியை அணைத்துவிடும். நீங்கள் பழுதைச் சரிசெய்த பிறகும் விளக்கு எரியாமலே இருக்கலாம். சாவியை அணைத்து, சற்றுப் பொறுத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். இந்த வண்டிகளில் மேலே சொன்ன பல்பு உத்தி பொருந்தாது. மாட்யூல் மின்சாரத்தைத் துடிப்புகளாக அனுப்புவதால் மீட்டரும் விநோதமான எண்களைக் காட்டக்கூடும்.

எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரமே இழுப்பதால், ‘பல்பு போய்விட்டது’ என்று டிரக் தவறாக நினைத்து எச்சரிக்கை காட்டலாம், இண்டிகேட்டர் வேகமாகச் சிமிட்டலாம். பல்பு இருக்கிறதா என்று மாட்யூல் அனுப்பும் நுண்ணிய சோதனைத் துடிப்பில், அணைத்திருக்கும் எல்.இ.டி.கூட லேசாக மினுங்கலாம். வயரிங்கில் தேடுவதற்கு எதுவும் இல்லை. டிரக்கின் அமைப்பை எல்.இ.டி. ட்ரெய்லருக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அல்லது அந்த விளக்குக்குரிய சுமைப் பெட்டியை (பல்பைப் போலவே மின்சாரம் இழுத்துக் காட்டுவது) பொருத்த வேண்டும்.

ஏ.பி.எஸ்., இ.பி.எஸ். (மின்னணு பிரேக் கட்டுப்பாடு, EBS) பிளக் தனி. ஐ.எஸ்.ஓ. 7638 வகையில் 5 அல்லது 7 முனைகள் வரும். 7 முனை வகையில் 6, 7 இரண்டும் தகவல் வரிகள். அவற்றில் டெஸ்ட் லாம்ப்பைத் தொடவே கூடாது. முனைகளைப் பார்ப்பது, சுத்தம் செய்வது, முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்வது, இவற்றோடு புதியவர் நிறுத்திக்கொள்வது நல்லது. எச்சரிக்கை விளக்கு அதன் பிறகும் எரிந்தால் பிரேக் அமைப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இணைப்பு போடும்போது

அரித்துப்போன வயரை வெட்டினால், உள்ளே செம்பு கறுத்திருக்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் போட்ட இணைப்பு நிற்காது. வயர் நீளம் போதாவிட்டால் அதே தடிமனில் ஒரு துண்டைச் சேருங்கள். சரியான அளவு கிரிம்ப் ஸ்லீவ் (வயர்களை நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்), சரியான கிரிம்பிங் கருவி, மேலே உட்புறம் பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், இந்த மூன்றும் இருந்தால் போதும். சூடாக்கும்போது இரு ஓரத்திலும் பசை கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும். அப்போதுதான் நீர் புகாது. வெறும் ஈயப்பற்று வைத்தால் அது வயரின் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கும், அதிர்வில் விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். வயரின் மேலுறையைக் கடித்துக் கிளை எடுக்கும் நெகிழிக் கிளிப்புகளைச் சேசிஸுக்கு வெளியே பயன்படுத்தவே வேண்டாம்.

வயர்க்கட்டைக் கட்டும்போது, விளக்குக்குள் நுழையுமுன் சிறிது தாழ்த்தித் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வயரில் வழியும் நீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது. சேசிஸ் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். சுருள் கேபிள், வண்டி முழு வளைவு திரும்பினாலும் இழுபடாமலும், நேராக இருக்கும்போது கீழே உரசாமலும் தொங்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, அதே வரிசையில் மறுபடி சோதியுங்கள். கடைசியாக டெயில், பிரேக், ஒரு இண்டிகேட்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டு, முழுச் சுமை ஓடும்போது சில நிமிடம் கழித்துப் பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே இன்னும் ஒரு தொடர்பு லூஸாக இருக்கிறது. பிளக்கை மறுபடி திறக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் வண்டியை எடுக்கலாம். முதல் நிறுத்தத்தில் இறங்கி விளக்குகளை ஒரு சுற்று பாருங்கள், ஏனென்றால் சாலை அதிர்வில்தான் சில லூஸ் இணைப்புகள் வெளிப்படும்.